மாண்டலின் – 1 – உள்ளது

4 ஜூன் 2004

அன்புள்ள ஒல்லி,

உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் பிரித்துப் படிக்கிறாய் என்றால் ஆண்டவனுக்கு நன்றி. போன வாரம் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது உன் அக்காவைப் பார்த்தேன். கன்னம் வீங்கிப் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த நிலையிலும் உன் விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். உனக்குப் பேரன் பிறந்திருப்பதைக் கையாலேயே ஜாடை காட்டிச் சொல்லிவிட்டாள். குழந்தைக்காக அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். இவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. மகள் வேலைக்குப் போன இடத்திலேயே வீடு பார்த்துக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிரார்த்தனை மன்றத்தின் கூரை ஒழுகுகிறது. மாற்ற வேண்டும் என்று பின்னறையில் இருந்த பீரோக்களை எல்லாம் வெளியே இழுத்தோம். இரண்டாவது பீரோவின் அடித்தட்டில், விரிப்புகளுக்குக் கீழே, ஒரு கறுப்புப் பெட்டி. திறந்தால், நீ வாசித்த கரண்ட் மாண்டலின்! சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. மற்றபடி நேற்று வைத்தது போலவே இருக்கிறது.

செயலாளர் அதைப் பழைய சாமான்காரனிடம் போடச் சொன்னார். நல்லவேளையாக அவருக்குத் தெரிந்த ஒருவர், பழைய வாத்தியங்களைத் தேடிச் சேர்ப்பவராம், போட்டோவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாராம். "வரலாறு தெரிஞ்சா இதோட மதிப்பே வேற" என்றாராம். எங்கே செய்தது, எந்த வருஷம், யார் யார் கைக்குப் போனது, எல்லாவற்றையும் எழுதி, இது மன்றத்துப் பொருள்தான் என்று பதிவேடு பார்ப்பவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை, நேரில் வருகிறார்.

பதிவேடு பார்ப்பவள் இன்றைக்கும் நான்தான். முப்பது வருஷமாக யாரும் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. அதில் இருப்பது இவ்வளவுதான். 1963 ஜூலையில், எனக்கு முன்னால் இருந்தவர் கையெழுத்தில், "மாண்டலின் – 1, துணிப்பை – 1, வாங்கியது." பிறகு 1974இல் நான் பொறுப்பேற்று எண்ணியபோது, "மாண்டலின் – 1 – உள்ளது." நடுவில் ஒரு வரி கிடையாது. அதை வாசித்தவள் நீ ஒருத்திதான். யார் வாங்கி வந்தார்கள், எங்கிருந்து வந்தது, உனக்குத் தெரிந்ததை எழுது. எனக்கு இரண்டு நாளாக இதே யோசனை. வயிறு இல்லாத வாத்தியம், துளை இல்லை, பலகை போல இருக்கிறது. எங்கிருந்துதான் சத்தம் வந்தது? அப்போது இதையெல்லாம் கேட்கத் தோன்றவே இல்லையே!

இன்னொன்று. இரண்டு குமிழில் ஒன்று போய், அந்த இடத்தில் ஏதோ புட்டி மூடியைச் சொருகி வைத்திருக்கிறது. யார் செய்த அநியாயம் இது?

நீ ஊரை விட்டுப் போகும்போது நடந்ததை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். வாசித்தவளுக்கு அதை எடுத்துப் போக ஆசை இருக்காதா? அதைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் குறையாகப் பேசியதில்லை. நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளும்,
உன் பழைய கணக்குப்பிள்ளை


12 ஜூன் 2004

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரனுக்காக வேண்டிக்கொண்டதற்கு நன்றி. ஒல்லி என்று என்னை அழைப்பவர்கள் இப்போது யாரும் இல்லை. அழைக்கும்படியான உடம்பும் இல்லை.

நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்த மூடி இருமல் மருந்துப் புட்டியுடையது. வைத்தது நீங்கள். குமிழ் எங்கேயோ விழுந்து தொலைந்த அன்று, உங்கள் வீட்டுக்காரரின் மருந்தை அப்படியே டம்ளரில் கவிழ்த்துவிட்டு மூடியைக் கழுவி எடுத்து வந்தீர்கள். சரியாகப் பொருந்தியது. இருவரும் சிரித்தோம்.

மற்றதை அந்த வாத்தியமே சொல்லும். வாத்தியம் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ப் பின்பக்கத்துத் தகட்டையும் கழுத்தையும் கழற்றச் சொல்லுங்கள். கழுத்தை நான்கு திருகாணிகள் பிடித்திருக்கும். வருஷம் உள்ளே இருக்கும். பக்கத்திலேயே நின்று பாருங்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவீர்கள்.

இப்படிக்கு,
மாண்டலின் வாசித்தவள்


20 ஜூன் 2004

அன்புள்ள ஒல்லி,

உடம்பு எப்படி இருந்தால் என்ன, எனக்கு நீ ஒல்லிதான். நீ "நீங்கள்" என்று எழுதியிருப்பதைப் படித்து அரை மணி நேரம் அடுப்படியில் சும்மா நின்றேன். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மூடி விஷயத்தை இவரிடம் சொன்னேன். "அப்பவே சந்தேகப்பட்டேன், மருந்து டம்ளர்ல இருந்துச்சு, நீ ஏதோ புது வைத்தியம்னு சொல்லிக் குடிக்க வச்சே" என்கிறார். இருபத்தேழு வருஷத்துக்கு மேல் இந்த மனுஷர் இதை மனதிலேயே வைத்திருந்திருக்கிறார் பார்.

நீ சொன்னபடியே செய்தேன். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒருவர் வாத்தியங்கள் பழுது பார்க்கிறார். கடிகாரக்காரர் போல ஒற்றைக் கண்ணில் கண்ணாடி வைத்திருந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். எனக்குப் பிடித்துப்போனது.

"இது ஏன் வயிறில்லாம இருக்கு?" என்று கேட்டேன்.

"வயிறு வேற பெட்டியில இருக்கும்மா, ஆம்ப்ளிபயர்ல. இது வெறும் கையும் காதும்தான்" என்றார். தந்திக்கடியில் இருக்கும் கறுப்புப் பட்டைக்குப் பிக்கப் என்று பெயராம். தைக்கிற ஊசி ஒன்றை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். ஊசி துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது! உள்ளே காந்தமும், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிய சுருளும் இருக்கிறதாம். தந்தி ஆடினால் காந்தத்துக்குத் தெரியும், காந்தம் கம்பிக்குச் சொல்லும், கம்பி ஆம்ப்ளிபயருக்குச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அசைவதைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று கேட்கிறது. பிரார்த்தனையும் இப்படித்தானோ என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை, கையில் திருப்புளி வைத்திருந்தார்.

பிறகு கழுத்தைக் கழற்றினார். மரத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு தேதி. மார்ச் 69. செய்த தொழிலாளி எழுதி வைப்பாராம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதியிருக்கிறார், அந்த மனிதருக்கு ஆண்டவன் நல்லது செய்யட்டும். எனக்கு ஒரு நிமிஷம் மகிழ்ச்சி. அடுத்த நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க புத்தகத்துல அறுபத்து மூணுல வாங்கினதா இருக்கே."

"அறுபத்து மூணுல இது மரமா நின்னுக்கிட்டு இருந்திருக்கும்மா."

"எங்க புத்தகத்துல தப்பு வராது."

"அப்போ புத்தகத்தையும் கொண்டாங்க, கழட்டிப் பாத்துருவோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. பென்சில் எழுத்தைப் பிற்பாடு யாராவது எழுதியிருக்கலாமே என்றேன். அவர் பின்தகட்டைக் கழற்றிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பாகத்தைக் காட்டினார். அதில் ஆலையில் அடித்த எண் இருக்கிறது. அதுவும் 69ஆம் வருஷத்தைத்தான் சொல்கிறதாம்.

மதிப்பைக் கேட்டேன். பெயின்ட் செய்தபோது அடித்ததே, கழுத்து வளையவில்லை, பிக்கப்பை யாரும் மாற்றவில்லை. இதெல்லாம் நல்லது. மருந்து மூடியால் கொஞ்சம் குறையுமாம். வரலாறு இல்லாவிட்டால் பாதிக் கூரை போடலாம், வரலாறு இருந்தால் முழுக் கூரையே போடலாம் என்று என் பாஷையிலேயே சொன்னார்.

எனக்கென்னவோ அவர் எண்ணைத் தப்பாகப் படிக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல். பதினொன்றாம் தேதிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

உன்,
கணக்குப்பிள்ளை


26 ஜூன் 2004

அம்மையாருக்கு,

உங்கள் வாத்தியக்காரர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

நானே சொல்லிவிடலாம். ஒருமுறை நாற்பது பேர் முன்னால் சொல்லிப் பார்த்தேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஆகவே எழுத்தில் இருப்பதையே பாருங்கள். மன்றத்தின் செலவுப் புத்தகத்தில், மாண்டலினுக்குத் தந்தி வாங்கிய வரிகள் இருக்கும். எத்தனை தந்தி, எந்த வருஷம் வரை வாங்கினீர்கள் என்று பாருங்கள். பிறகு பெட்டியைத் திறந்து அதில் எத்தனை தந்தி கட்ட இடம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

அதற்குப் பிறகும் கையெழுத்துப் போடத் தோன்றினால் போடுங்கள்.

மாண்டலின் வாசித்தவள்


3 ஜூலை 2004

ஒல்லி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை. அன்றே பழைய செலவுப் புத்தகங்களை எல்லாம் மேசையில் பரப்பினேன். 1963 முதல் 1972 வரை வருஷத்துக்கு இரண்டு தடவை, "மாண்டலின் தந்தி, எட்டு." தவறாமல் எட்டு. 1972 மழைக்காலத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. நீ வாசிப்பதை நிறுத்தியது 1977இல். நடுவில் ஐந்து வருஷம் தந்தி அறுபடவே இல்லையா? யார் வாங்கிப் போட்டார்கள்? இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நான் கேட்டிருக்கிறேனா?

பெட்டியைத் திறந்தேன். தந்தியை முறுக்கும் பிருடைகள் நான்கு, தந்தி நான்கு. ஐந்தாவது தந்திக்குக்கூட இடம் இல்லை.

முதலில் பைத்தியம் போல யோசித்தேன். பாதித் தந்திகளைச் சிக்கனத்துக்காக மாட்டாமல் விட்டிருப்பார்களோ என்றுகூட நினைத்தேன். பிறகு 1963 வரியைத் திரும்பவும் படித்தேன். "துணிப்பை – 1." இந்த வாத்தியத்துக்குத் துணிப்பை ஏது? கெட்டிப் பெட்டி அல்லவா இருக்கிறது. வயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த இன்னொரு மாண்டலின் ஞாபகம் வந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை. நான் வருவதற்கு முன்னால் இருந்தது. மரம், துளை, எட்டுத் தந்தி. நீ ஊரை விட்டுப் போகுமுன் நடந்த மன்றக் கூட்டத்தில் அதைத்தானே சொன்னாய். "அது மழையில முதுகு பிரிஞ்சு போச்சு, வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போட்டுட்டாங்க, இது என்னோடது." நான் எழுந்து நின்று கேட்டேன். "உடைஞ்சதா எழுத்துல இருக்கா?" குரல்கூட நினைவிருக்கிறது. எனக்கு இருபத்தேழு வயது. அவ்வளவு பேர் முன்னால் சரியாகப் பேசிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

1974இல் நான் எப்படி எண்ணினேன் என்று சொல்லட்டுமா? புத்தகத்தில் மாண்டலின் ஒன்று. அறையில் பார்த்தேன், மாண்டலின் ஒன்று. ஒன்றுக்கு ஒன்று சரியாக இருந்தது. "உள்ளது" என்று எழுதி டிக் போட்டேன். சரியாக இல்லாவிட்டால் விடிய விடியத் தேடியிருப்பேன். சரியாக இருந்ததால் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலி ஒன்று குறைந்ததற்கு மூன்று நாள் அலைந்தவள் நான்.

நீ அன்றைக்குப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். உன் கல்யாணத்துக்கு நாங்கள் யாரும் வரவில்லை. போன மாதம் உனக்கு எழுதியதில், நான் விட்டுவிட்டேன், நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று வேறு எழுதினேன். அதை இப்போது நினைத்தால் எழுந்து போய் முகம் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் பதினொன்றாம் தேதி நான் அந்தக் கையெழுத்தைப் போடப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை என்று கையெழுத்துப் போட இன்றைக்குக் கை வரவில்லை.


12 ஜூலை 2004

ஒல்லி,

இந்தக் கடிதத்தை இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் மடியில் இருப்பது உன்னுடையது. தபாலில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. நான் வந்தால் நீ கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். இவரை உனக்கு எப்போதும் பிடிக்கும்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. முன்கூட்டியே செயலாளரிடம் சொன்னேன். "இருபத்தேழு வருஷம் ஆச்சுங்க. இப்ப யார் கேட்டாங்க?" என்றார்.

"நான் கேட்டேன்."

"கூரையை யார் போடுவாங்க?"

"ஒழுகட்டும். நனைஞ்சுக்கிட்டே கும்பிடுவோம்."

பிறகு 1977இல் நான் எந்த இடத்தில் நின்று பதிவேட்டைப் படித்தேனோ அதே இடத்தில் நின்று, எல்லாவற்றையும் படித்தேன். 1963 வரி, தந்தி வரிகள், 1974இல் நான் போட்ட டிக், பென்சில் தேதி. "தவறு என்னுடையது, அந்தப் பெண் உண்மையைத்தான் சொன்னாள்" என்று முடித்தேன். கேட்டவர்கள் பத்தொன்பது பேர். அன்றைக்கு இருந்த நாற்பது பேரில் நேற்று இருந்தது மூன்றே பேர்தான் ஒல்லி. நான், இவர், ஆர்மோனியம் வாசிப்பாரே அவர். அவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. அதனால் அவருக்குத் தனியாகத் தாளில் எழுதிக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "அவ நல்லா வாசிப்பாளே" என்றார். ரொம்பச் சத்தமாக, காது கேட்காதவர்கள் பேசுவது போல. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்றவர்களிடம் நான் சொல்ல முடியாமலே போய்விட்டது. நாற்பது பேரில் மூன்று பேர்தான் மிச்சம் என்று நினைத்தால் உனக்குக் கோபம்தான் வரும். எனக்கே வருகிறது.

வாங்க வந்தவர் எல்லாவற்றையும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, இப்பதான் இதுக்கு வரலாறே வந்திருக்கு. இப்ப இன்னும் கூடத் தரலாம்." விற்பனைக்கில்லை என்று சொல்லி ஒரு காபி கொடுத்து அனுப்பினேன். அவருடைய விலாசத்தை உறைக்குள் வைத்திருக்கிறேன். விற்பதும் வைப்பதும் உன் இஷ்டம்.

பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, "மாண்டலின் – 1972இல் உடைந்தது. பிறகு இருந்தது பிறருடைய பொருள்" என்று எழுதித் தேதி போட்டேன்.

இவருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று இல்லை. பையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

உனக்குத் தீங்கு செய்தவள்


25 ஜூலை 2004

கணக்குப்பிள்ளைக்கு,

உன் வீட்டுக்காரர் நீ கட்டிக் கொடுத்ததையும் சாப்பிட்டார், என் வீட்டிலும் சாப்பிட்டார். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லையாம். அந்த முழங்காலுக்குத் தைலம் தடவிவிடு.

நீ ஆரம்பத்திலிருந்து கேட்ட வரலாற்றை இப்போது சொல்கிறேன். 1973இல் கப்பல் பாட்டுக் குழுவில் வாசித்த ஒருவர், கப்பல் வேலை வேண்டாமென்று இறங்கி, எங்கள் தெருவில் மூன்று மாதம் தங்கியிருந்தார். அவருடைய மனைவிக்குத் தைக்கத் தெரியும், மெஷின் இல்லை. என்னிடம் மெஷின் இருந்தது, என் கல்யாணத்துக்கென்று அம்மா வருஷக்கணக்கில் சேர்த்து வாங்கி வைத்தது. ஒரு மத்தியானத்தில் மெஷினை அவர்கள் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய், மாண்டலினோடு திரும்பி வந்தேன். அம்மாவிடம் மெஷினைப் பழுதுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். மாண்டலின் யாருடையது என்று கேட்டாள். மன்றத்தினுடையது என்றேன்.

நீ அன்றைக்கு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டபோது எனக்குப் பதில் இருந்தது. தையல் மெஷினைச் சொல்லியிருந்தால் போதும், அந்தத் தெருவில் பத்துப் பேர் சாட்சி சொல்லியிருப்பார்கள். ஆனால் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டேன். அம்மா சாகும்வரை, நான் மன்றத்துப் பொருளுக்கு ஆசைப்பட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. இதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எல்லாவற்றையும் எழுதியிருக்கலாம். நீயாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று இருந்தேன். உன்னைத் தெரியும் எனக்கு.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். அந்த வார்த்தை இன்னும் வரவில்லை. வராத வார்த்தையை எழுதினால் உனக்கே தெரிந்துவிடும். அதனால் இப்போது வராதே. வர வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன்.

மாண்டலினை விற்கப்போவதில்லை. மருமகன் ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் வாங்கித் தந்தான். விரல் நுனி எல்லாம் வெண்ணெயாகிவிட்டது, பத்து நிமிஷத்துக்கு மேல் அழுத்த முடியவில்லை. நேற்று அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்னங்க இது, மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டார். பேரன் மட்டும் ரசிக்கிறான். அவனுக்கு இன்னும் பேச வராது என்பதால் இருக்கலாம்.

ஒரு விஷயம். தந்தி மாற்றும்போது பின்தகட்டைக் கழற்றினேன். உட்பக்கத்தில், மூலையில், ஆணியால் கீறிய நான்கு எழுத்துகளும் ஒரு எண்ணும் இருக்கின்றன. கப்பல்காரருடைய பெயர் அது இல்லை. உன் வாத்தியக்காரர் ஒற்றைக் கண்ணாடியோடு பார்த்தும் கவனிக்காமல் விட்டிருக்கிறார். மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன், மடிக்காமல் பிரி. 1969இல் செய்தது 1973இல் என்னிடம் வந்தது. நடுவில் நான்கு வருஷம். அந்த நான்கு எழுத்து யார், அந்த எண் என்ன, கப்பலினுடையதா, வீட்டினுடையதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

நீ தேடு. தெரியத் தெரிய எழுது.

ஒல்லி